ஓர் ஓட்டும் நாற்பது கட்டைவிரலும்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில்தான் வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்தலில் எங்கள் ஆளைத் தோற்கடித்தது எதிராளி அல்ல, நான்தான். இதை வெளியில் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பால்காரருக்குக்கூடத் தெரியும். (பால் அளக்கிற நேரத்தில் என் மனைவி சும்மா இருக்க மாட்டாள்.)

வெள்ளைக்காரன் காலம். நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். 'படித்துக்கொண்டிருந்தேன்' என்பது என் அப்பா ஊரில் சொல்லிக்கொண்ட வார்த்தை. உண்மையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். காலேஜ் விவாத சபைக்கு நான்தான் காரியதரிசி. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுந்து அரை மணி நேரம் பேசுவேன். விஷயம் தெரியாதபோது முக்கால் மணி நேரம் பேசுவேன்.

அப்போது நான் அதிகம் பேசியது செனட் தேர்தலைப் பற்றி. செனட் என்பது சர்வகலாசாலையை நிர்வாகம் செய்கிற பெரிய சபை. என்ன பாடம், எப்போது பரீட்சை, எந்த ஊரில் காலேஜ் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அதில் சில இடங்களுக்கு, பட்டம் வாங்கிப் பெயரைப் பதிவு செய்துகொண்ட பழைய மாணவர்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவார்கள். ஓட்டுச் சீட்டு தபாலில் வரும், தபாலிலேயே திரும்பிப் போகும். படித்துக்கொண்டிருக்கிற மாணவனுக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது. "பந்தியில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல், சாப்பிட்டு எழுந்து வீட்டுக்குப் போனவனைக் கூப்பிட்டு, பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார்கள்" என்று நான் ஒருநாள் பேசினேன். பலத்த கைதட்டல். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த நிலையில் நாமக்கல் வக்கீல் பழனியப்பர் செனட்டுக்கு நின்றார். அவர் என் அம்மாவுக்குத் தூரத்து அண்ணன், எனக்கு மாமா. மாணவனுக்கு ஓட்டு என்றாலே அவருக்குப் பிடிக்காது. "படிக்கிற பையனுக்கு எதுக்கு ஓட்டு? மொதல்ல பரீட்சையில தேறட்டும்" என்பார். சொல்லும்போது என்னைத்தான் பார்ப்பார்.

நான் அதை எதிர்த்துப் பேசவில்லை. காரணம், அவருடைய ஒரே மகள் ருக்மணி. மாமாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல். அதனால் வருகிற காகிதங்களை எல்லாம் ருக்மணிதான் உரக்கப் படித்துக் காட்டுவாள். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் என்றாலும், சட்டம் பேசினால் மாமாவின் குமாஸ்தா ஓடி ஒளிவார். எங்கள் இருவருக்கும் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"பேசத் தெரிஞ்சிருக்குது, இல்லீன்னு சொல்லல. ஒரு காரியத்த ஒழுங்கா முடிச்சுக் காட்டட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு காரியம் பங்குனி மாதத்தில் வந்து சேர்ந்தது. எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம், ஓட்டுள்ள பட்டதாரிகளும் கொஞ்சம் பேர்தான். மாமா ஒவ்வொரு பெயராகக் குறி போட்டுக்கொண்டே வந்ததில், இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. பாக்கி ஒரே ஒரு பெயர். சேந்தமங்கலம் மிளகு வியாபாரி காதர் பாய், பி.ஏ. அவருடைய ஓட்டுச் சீட்டு சேந்தமங்கலம் கடைக்கு வந்துவிட்டது. ஆனால் மிளகுக் காலத்தில் பாய் கொல்லிமலைக்கு மேலே, வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமங்களில் இருப்பார். சீட்டை எடுத்துக்கொண்டு மலை ஏறி, அவரிடம் ஓட்டு வாங்கித் தபாலில் போட வேண்டும்.

"நான் போகிறேன் மாமா" என்றேன். மாமா சந்தேகமாகத் தலையாட்டினார்.

கிளம்பும்போது கேட்டருகில் ருக்மணி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நான்காக மடித்த ஒரு சீட்டை என் கையில் கொடுத்தாள். "போறப்பவே படிச்சுருங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ருக்மணி எனக்கு எழுதிய முதல் கடிதம். இதைப் போய் பஸ்ஸில், ஒரு பக்கம் கோழிக்கூடையும் ஒரு பக்கம் பொடி போடுகிறவருமாக இருக்கும்போது படிப்பதா? கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தேன். காரியத்தை வெற்றியாக முடித்துவிட்டு, மலை உச்சியில் ஏதாவது நல்ல பாறையாகப் பார்த்து உட்கார்ந்து படிப்பது என்று தீர்மானித்தேன். (இருபது வயது. வேறென்ன சொல்ல.)

சேந்தமங்கலத்தில் பாயின் தம்பி தபால் உறையைக் கொடுத்தார். வழிக்கு வேண்டும் என்று கொஞ்சம் பேரீச்சம்பழமும் ஒரு அச்சடித்த காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். மலையடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர்வதற்குள் பழத்தைத் தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். அது அதே உறையில் வந்த தேர்தல் விதிகள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் காரவள்ளியிலிருந்து மேலே ரோடு கிடையாது, கால்நடைதான். நான் வேட்டிமேல் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் பூட்ஸோடு ஏறினேன். காலேஜ் மாணவன் என்பது மலைக்குத் தெரிய வேண்டாமா? கால் மணி நேரத்தில் கோட்டு தோளுக்கு வந்தது, அரை மணியில் பூட்ஸ் கைக்கு வந்தது. தலையில் உப்பு மூட்டையோடு ஒரு அம்மாள் என்னைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, மேல எந்த ஊட்டுக்குப் போறீங்க?"

"காதர் பாயைப் பார்க்க வேண்டும். மிகவும் முக்கியமான சர்வகலாசாலை அலுவல்."

"அந்தக் கோட்ட இப்படிக் குடுங்க, நான் கொண்டாறேன். நீங்க மூச்ச வாங்கிட்டு மெதுவா வாங்க."

அவர் பெயர் வெள்ளையம்மா. மிளகும் பலாவும் சாமையும் வைத்திருக்கிற குடியானவர். உப்போடு என் கோட்டையும் சுமந்துகொண்டு மேலே போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் வளப்பூர் நாடு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. கோட்டு முதலில் வந்துவிட்டது, ஆள் பின்னால் வருகிறார் என்று.

காதர் பாய் நடுவயதுக்காரர். மிளகு காய்கிற கோரைப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உங்க மாமா நல்ல மனுஷன், அவருக்கே போட்டுடலாம். ஆனா எனக்கு ஒண்ணு புரியல தம்பி. நான் படிச்சு முடிச்சு இருபது வருஷமாச்சு. இப்ப அங்க என்ன பாடம் நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. மிளகு வெல கேட்டா சொல்லுவேன். என்னையப் போய் ஏன் கேக்குறாங்க?"

எனக்குள் இருந்த காரியதரிசி துள்ளி எழுந்தான். பாயசத்தைப் பற்றிச் சொன்னேன். பாய் ரசித்துக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒரு விஷயம். இந்த மலையில எந்தக் காகிதத்துலயும் யாரும் தனியாக் கையெழுத்துப் போடறதில்ல. முன்னால ஒரு மரக் கான்ட்ராக்ட்காரன் வந்து ஒரே ஒருத்தர்கிட்டக் கையெழுத்து வாங்கி, ஒரு ஊரு மரத்தையே வெட்டிட்டுப் போயிட்டான். அதுல இருந்து நாட்டார் கூடி உக்காந்து, விஷயத்தக் கேட்டு, எல்லாரும் சாட்சியா நின்னாத்தான் காகிதம். நானும் அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் இங்க கடை வெச்சேன். அவசரம் இல்லன்னா விடுங்க. நாலு நாள்ல கீழ இறங்குவேன், எங்கடையில உக்காந்து போட்டுத் தாரேன்."

நாலு நாள் பொறுக்கலாம். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. மூளையுள்ளவன் 'சரி' என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பான். ஆனால் 'நாட்டார் கூடி உட்கார்ந்து' என்ற வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. கூட்டம், நடுவில் நான். நாக்கு ஊறியது.

"கூட்டுங்கள் நாட்டாரை" என்றேன்.

பலாமரத்தடியில் கூடினார்கள். நாட்டுக்குத் தலைவரைப் பட்டக்காரர் என்பார்கள். அவர் நடுவில் உட்கார, அவரையும் சேர்த்து நாற்பது பேர். நான் செனட்டின் மகிமையைப் பற்றிச் செந்தமிழில் பேசினேன். எல்லோரும் மிகவும் மரியாதையாக, ஒரு வார்த்தையும் விளங்காமல் கேட்டுக்கொண்டார்கள். பாய் அதையே நாலு வாக்கியத்தில் திருப்பிச் சொன்னார். உடனே விளங்கிவிட்டது.

பட்டக்காரர் கேட்டார்: "நிக்கிற வக்கீலு உங்களுக்கு என்ன வேணுமுங்க சாமி?"

மாமா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் கூட்டம் கண்ணைக் கட்டிவிட்டது.

"என் மாமனார்" என்றேன்.

"கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"எல்லாம் முடிவான மாதிரிதான். அவர் மகளை எனக்குத்தான் கொடுக்கிறார்."

"நெசந்தானுங்களே? இது நாட்டாரு கூடின எடம்."

"சத்தியமாக."

பட்டக்காரர் திருப்தியாகத் தலையசைத்தார். ஓரத்திலிருந்து வெள்ளையம்மா எழுந்தார். "படிக்கிற புள்ளைங்களுக்கு இதுல ஓட்டு உண்டுங்களா?"

"இல்லை."

"ஏனுங்க? அவங்க படிப்பப் பத்தித்தான பேச்சு?"

நான் பாயசத்தை மறுபடி எடுத்து ஊற்றினேன். இந்தத் தடவை எல்லோருக்கும் விளங்கியது. சிரித்தார்கள். வெள்ளையம்மா மட்டும் விடவில்லை. "அப்ப உங்க மாமனாரு போனா, புள்ளைங்களுக்கு ஓட்டுக் குடுப்பாருங்களா?"

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"கேளுங்க சாமி. அது மொறையில்லீங்க" என்று உட்கார்ந்தார்.

பிறகு பாய் ஒரு பக்கமாகப் போய்ச் சீட்டில் குறி போட்டு மடித்து வந்தார். கூட வந்த உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே 'சாட்சி' என்று ஒரு கோடு இருந்தது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தார்கள். பட்டக்காரர் கட்டைவிரலை வைத்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார்.

"தம்பி, ஒரு சாட்சி போதும்னு இருக்குமே. ரூல்ஸ் பாத்தீங்களா?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"விதிகள் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு" என்றேன். "சாட்சி கூடக் கூடப் பலம்தான் பாய். நாளைக்கு யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது."

தாளின் முன்பக்கம் நிறைந்தது. திருப்பிப் போட்டார்கள், பின்பக்கமும் நிறைந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு நானே உறையை நீட்டினேன். ஒருவருக்குக் கட்டைவிரலில் வெட்டுக்காயம். பரவாயில்லை, சுட்டுவிரலை வையுங்கள் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தேன். வெள்ளையம்மா கடைசியாக வந்து, நன்றாக அழுத்தி வைத்தார். அப்புறம் சாமைச்சோறும் பலாச்சுளையும் தேனும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலையில் இறங்கினேன். பாதி வழியில், கீழே காரவள்ளி தெரிகிற இடத்தில், மனத்துக்குப் பிடித்த மாதிரி ஒரு பாறை கிடைத்தது. ஓடையில் முகம் கழுவி, தலை வாரி, கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து ருக்மணியின் கடிதத்தை எடுத்து மறுபடி கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தேன். இப்படி இருந்தது:

'சாட்சி ஒரே ஒருவர்தான். வேறு யாருடைய கையெழுத்தோ கைநாட்டோ எந்தக் காகிதத்தில் பட்டாலும் ஓட்டுச் செல்லாது. விதி பார்த்து எழுதியிருக்கிறேன். பாயின் கையெழுத்தை வாங்கும் முன் இதை இன்னொரு தடவை படிக்கவும்.'

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி. அன்பே என்றோ ஆருயிரே என்றோ ஒரு எழுத்தும் இல்லை. பையிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல்கள் என்னையே பார்த்தன. வெள்ளையம்மாவின் விரல் எல்லாவற்றிலும் கறுப்பாக இருந்தது.

அப்போதாவது நேரே நாமக்கல் போய் உண்மையைச் சொல்லியிருந்தால், மாமா தந்தியடித்து வேறு சீட்டு வாங்கியிருப்பார். நாள் இருந்தது. எனக்குத்தான் தைரியம் இல்லை. எண்ணுகிறவருக்கும் ஒருவேளை மாமாவைப் போலக் கண் மங்கலாக இருக்கலாம் என்று ஒரு நம்பிக்கையில், சேந்தமங்கலம் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"சீட்டப் படிச்சீங்களா?" என்று ருக்மணி கேட்டாள்.

"படித்தேன்" என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

சித்திரை கடைசியில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் சரிசமமான ஓட்டு. பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டதில் எதிராளி ஜெயித்துவிட்டார். செல்லாத ஓட்டு ஒன்று. அது ஏன் செல்லவில்லை என்று மாமா எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலை ருக்மணிதான் உரக்கப் படித்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். 'விதிப்படி சாட்சி ஒன்று. வந்திருப்பவை நாற்பது. அவற்றுள் ஒன்று சுட்டுவிரல் எனத் தெரிகிறது' என்று படிக்கும்போது அவள் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்கம்மாகிட்டச் சொல்லு. அந்தக் கண்ணாலப் பேச்ச இனி எடுக்க வேண்டாம்" என்றார்.

அழுதேன். ஒளிப்பதில் அர்த்தம் இல்லை, நன்றாகவே அழுதேன். பிறகு காதர் பாய்க்கு ஒரு கடிதம் எழுதினேன். என் முட்டாள்தனத்தால் அவர் ஓட்டு வீணானதையும், மாமா இன்னும் மாமனார் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை என்பதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். நான் பேசாமல் செய்த முதல் நல்ல காரியம் அது.

வைகாசியில் ஒருநாள் காலை. மாமா வீட்டிலிருந்து ஆள் வந்து என்னைக் கையோடு கூட்டிப்போனான். போனால் வாசல் நிறையப் பலாப்பழம். கூடத்தில் பட்டக்காரர், காதர் பாய், வெள்ளையம்மா, கூட இருபது பேர். மாமா சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, இந்தப் பையன் நாட்டாரு கூடின எடத்துல, உங்க மருமகன்னு சத்தியம் பண்ணுச்சுங்க" என்றார் பட்டக்காரர். "அதக் கேட்டுத்தான் நாங்க நாப்பது பேரும் கைநாட்டு வெச்சோம். இப்ப இல்லீன்னு காயிதம் வந்திருக்குது. அப்ப நாங்க வெச்சது பொய்ச்சாட்சி ஆயிருமுங்களே. எங்க நாட்டுல இதுவரைக்கும் அப்படி நடந்ததில்லீங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் பலாப்பழத்தைப் பார்த்தேன்.

"இவன் சொன்னதே பொய்யுங்க" என்றார் மாமா.

"அது எங்களுக்குத் தெரியாதுங்களே. பொய்ய நெசமாக்கறது இப்ப உங்க கையிலதானுங்க இருக்குது."

முப்பது வருஷம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த மாமா, சட்டப் புத்தக அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். காதர் பாய் சாவகாசமாகச் சொன்னார்: "பையன் விதி தெரியாதவன்தான். ஆனா தப்ப மறைக்காம எனக்கு எழுதினான். அந்தக் காகிதத்துல ஒரு இடத்துலகூடப் பாயசம் இல்லீங்க."

மாமாவின் மீசை துடித்தது. முதலில் கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு வயிறு குலுங்கிற்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாப்பது சாட்சிய ஒடைக்க எனக்குத் தெம்பில்லீங்க. சரி, கண்ணாலத்த வெச்சுக்கலாம்" என்றார்.

அப்போது உள்கதவருகிலிருந்து ருக்மணியின் குரல் வந்தது.

"நாப்பது பேரு சொல்லியாச்சு, அப்பாவும் சொல்லியாச்சு. கட்டிக்கறவளுக்கு ஓட்டு இல்லீங்களா?"

வெள்ளையம்மா பலமாகத் தலையாட்டினார். "அதத்தான நானும் அன்னைக்கே கேட்டேன். கேளுங்க சாமி அந்தப் புள்ளைய."

மாமா உள்கதவுப் பக்கம் திரும்பினார். "உன் ஓட்டு என்ன கண்ணு, சொல்லு" என்றார்.

ருக்மணி என்னிடம் வந்தாள். "நான் குடுத்த சீட்டு எங்க?"

அது எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க."

படித்தேன். 'சாட்சி ஒரே ஒருவர்தான்' என்பதிலிருந்து 'இன்னொரு தடவை படிக்கவும்' வரை, மலை நாட்டார் முன்னிலையில், ஒரு எழுத்து விடாமல். எப்போது முதல் தடவை படித்தேன் என்பதையும், அதுவரை சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்ததையும் அவள் குடைந்து கேட்டுச் சொல்ல வைத்தாள். பட்டக்காரர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெள்ளையம்மா பொத்திக்கொள்ளவே இல்லை.

ருக்மணி உள்ளே போய்க் கட்டைவிரலில் அடுப்புக்கரியைத் தடவிக்கொண்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள், நிதானமாக அந்தச் சீட்டின் கீழே கைநாட்டு வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. இது செல்லும்" என்றாள்.

அடுத்த தேர்தலிலும் மாமா நின்றார். மாணவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்று நோட்டீஸில் ஒரு வரி இருந்தது. அச்சுக்கு எழுதிக் கொடுக்கும்போது ருக்மணி தானாகவே சேர்த்துவிட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஜெயித்தார். காதர் பாய் ஓட்டுப் போட்டார், சேந்தமங்கலம் கடையில் உட்கார்ந்து. என்னை மட்டும் யாரும் எந்த வேலைக்கும் அனுப்பவில்லை.

சீட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது. போன வாரம் ரேஷன் ஆபீசிலிருந்து ஏதோ காகிதம் வந்தது. வாங்கி மேஜைமேல் வைத்தேன். எட்டு வயதுப் பேத்தி, பாட்டியின் குரலை அப்படியே வைத்துக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க, படிச்சீங்களா, இல்ல கண்ணுல மட்டும் ஒத்திக்கிட்டீங்களா?"